பெண்டிழந்தான் சுழி மாடு

என் கல்யாணத்துக்கு எங்கய்யன் கொடுத்த சீரில் பாத்திரமெல்லாம் மாமியார் வீட்டுப் பரணில் ஏறிவிட்டது. காதில் கழுத்தில் போட்டதை என் வீட்டுக்காரர் கிணறு வெட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், தண்ணீர் வராத ஒரு குழியாகத் திருப்பிக் கொடுத்தார். கடைசிவரைக்கும் என்னுடையதாகவே நின்றது ஒரு மாடு மட்டும்தான். சும்மா நிற்கவில்லை. அதை நிறுத்திக்கொள்ள நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படித்தால் சரியாகிப்போகும்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீராகக் கிடாரி ஓட்டிவிடுவது வழக்கம். அந்த மாடும் அது போடுகிற கன்றும் பெண்ணுக்குத்தான் சொந்தம். மாமனார் வீட்டில் அதன் சாணியை அள்ளலாம், பால் வார்த்தால் குடிக்கலாம், பெண்ணைக் கேட்காமல் விற்க மட்டும் கூடாது. அதற்கும் ஒரு சந்து வைத்திருந்தார்கள். சுழி மாடாக இருந்தால் இந்தச் சட்டம் செல்லாது.

மாட்டின் தோலில் மயிர் வட்டமாகச் சுற்றியிருக்குமே, அதுதான் சுழி. அது நெற்றியில் இருந்தால் ஒரு பலன், திமிலில் இருந்தால் ஒரு பலன், வயிற்றில் இருந்தால் இன்னொன்று. என் மாமனார் இந்த வித்தையில் பெரிய ஆள். ஓமலூருக்கு மேற்கே காளை வாங்கப் போகிற எவனும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவான். மாட்டின் உடம்பைப் பஞ்சாங்கம் புரட்டுகிற மாதிரி புரட்டுவார். எங்கய்யனுக்கோ இதெல்லாம் ஆகாது. ஆட்டையாம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் அவர். பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், வாலைத் தூக்கிப் பார்ப்பார், வாங்கிவிடுவார். “சுழி பாக்கறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?” என்பார். மாப்பிள்ளைக்கும் அவர் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தலையில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பொண்டாட்டி என்பார்கள். ஒருத்தியைச் சமாளிக்கவே அவருக்குப் பொழுது போதவில்லை என்பது வேறு கதை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் வந்து இறங்கிய மறுநாள் காலையில் மாமனார் என் கிடாரியைச் சுற்றி வந்தார். பர்கூர் மலைச் சாதி மாடு. செவப்பில் வெள்ளைத் திட்டு, எலும்புக்கு மேலே கோபத்தைப் பூசிவிட்ட மாதிரி உடம்பு. என்னைத் தவிர எவர் பக்கத்தில் வந்தாலும் கொம்பைத் தாழ்த்தும். அவர் எட்ட நின்றே பார்த்தார். இடுப்புப் பக்கம் வந்ததும் நின்றார். முகம் கருத்துப்போனது.

“என்னுங்க?” என்றார் மாமியார், கையில் மோர்ச் சட்டியோடு.

“பெண்டிழந்தான் சுழி.”

“அப்படின்னா?”

“மாட்டுக்குச் சொந்தக்காரன் எவனோ, அவன் பொண்டாட்டி போய்ச் சேர்ந்துருவா.”

மாமியார் மோர்ச் சட்டியைக் கீழே வைத்தார். “இந்த ஊட்டு மாட்டுக்கெல்லாம் சொந்தக்காரர் நீங்கதானுங்களே. அப்பச் சாவறது நானுங்களா?”

மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலில் துக்கத்தைவிட யோசனைதான் அதிகமாக இருந்தது என்று என் மாமியார் பின்னாட்களில் பலபேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் மாமனார் மருமகளிடம் நேராகப் பேசமாட்டார். சொல்ல வேண்டியதை மாட்டைப் பார்த்துச் சொன்னார்: “உன்னையக் கொண்டாந்தவங்க திருப்பி ஓட்டிக்கிட்டுப் போறது நல்லது.”

எனக்கும் மாடு பொதுதானே. நானும் அதைப் பார்த்தே சொன்னேன்: “நீ என்ற மாடு சாமி, எங்கய்யன் எனக்குக் குடுத்தது. எனக்குப் பொண்டாட்டி கெடையாது. ஆரும் சாவ வேண்டியதில்லைன்னு சொல்லு.”

மாடு இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் சாணி போட்டது.

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து நியாயம் சொல்லப் பார்த்தார். “அப்படீன்னா மாடு என்னுதுன்னு வெச்சுக்கிட்டாக்க…” என்று ஆரம்பித்தார். பாதியில் என் மூஞ்சியைப் பார்த்து, வாக்கியம் போய் முடிகிற இடம் தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். “அவன் சொல்றதும் செரியாத்தானுங்க இருக்குது” என்றார் மாமியார். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

எங்கய்யனுக்கு ஆள் விட்டார்கள். சீர் மாட்டைத் திருப்பி அனுப்பினால் அவருக்கு எவ்வளவு அவமானம் என்று எனக்குத் தெரியும். போனவன் மறுநாள் பதிலோடு வந்தான். சுழி பிடிக்கவில்லையென்றால் அந்த இடத்தில் மட்டும் மயிரைச் சிரைத்துவிடச் சொன்னாராம். வேண்டுமானால் நாவிதரையும் தானே அனுப்புகிறாராம்.

மாமனாருக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சுழி பலிப்பது மாடு கட்டியிருக்கிற முளைக்குச் சொந்தக்காரனுக்குத்தானாம். அதனால் வீட்டுக் கட்டுத்தரையில் கட்டக்கூடாது. தோப்பில் ஒரு மாமரத்தில் கட்டிவிட்டால் மரத்தோடு போகும். மரத்துக்குப் பொண்டாட்டி இல்லை. ஊரே மெச்சியது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். வீட்டில் ஒரு பொம்பளைக்கு உடம்புக்கு வந்தால், அது தலைவலியோ வயிற்றுவலியோ, அந்த வாரமே மாடு சந்தைக்குப் போய்விட வேண்டும்.

அன்றிலிருந்து எனக்கு நோயே வரவில்லை. காய்ச்சல் அடித்தால் வெயிலில் நின்றேன் என்பேன். மாமியாரை நான் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த மருமகளும் பார்த்திருக்கமாட்டாள். ஒரு தும்மல் தும்மினால் மிளகு ரசம். கால் வலி என்று முனகினால் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பேன். வெளியே கிளம்பினால் தலையில் முக்காடு இழுத்துவிடுவேன். இந்த மாதிரி மருமகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரில் பேசினார்கள். மருமகள்களைத் திட்ட என்னை உதாரணம் காட்டினார்கள். மாட்டுக்காகச் செய்கிறேன் என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

தோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய்க்கு ருசியாக மல்கோவாவும் குண்டு மாம்பழமும் காய்க்கிற தோப்பு. ஆனால் அந்த வீட்டில் ஒருவரும் நல்ல பழம் தின்றதில்லை. பூ வைத்ததுமே வியாபாரி வந்து மொத்தத்தையும் குத்தகைக்குப் பேசிவிடுவான். அதற்கப்புறம் தோப்பு அவனுடையது. காவலுக்கு அவன் ஆள். எங்கள் மரத்துப் பழம் வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏறிச் சேலத்துக்குப் போகும். நாங்கள் வாசலில் நின்று வாசம் பிடிப்போம். காற்றில் விழுந்த பிஞ்சு ஊறுகாய்க்கு வரும். தோப்புக்காரர் வீட்டு மாம்பழம் என்று ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் ஆசையாக வருவார்கள், ஊறுகாயோடு திரும்பிப் போவார்கள்.

குத்தகையில் சேராதது ஒரே ஒரு மரம். செந்தூரா. வைத்ததிலிருந்து பூக்காத மரம். வியாபாரி அதை மரமாகவே மதிக்கவில்லை. நிழலுக்கு ஆகும் என்று விட்டுவைத்திருந்தார்கள். அதில்தான் என் மாட்டைக் கட்டினார்கள். காய்க்காத மரத்தையும் ஆகாத மாட்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட திருப்தி மாமனாருக்கு.

நான் காலையிலும் பொழுதோடவும் போய்த் தண்ணி காட்டுவேன், சோளத்தட்டு போடுவேன். மாட்டுக்கு அந்த மரத்தின்மேல் என்ன வன்மமோ, பொழுதுக்கும் கொம்பால் பட்டையைக் குத்திக் கிழித்தது, முதுகைத் தேய்த்தது. சாணியும் மூத்திரமும் முழுக்க வேரடியில். ஒரு வருசம் அப்படி ஓடியது. அடுத்த தை மாதம் அந்த மலட்டு மரம் இலை தெரியாமல் பூத்துக் கொட்டியது. மாமனார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தான் வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்றார். மரத்தடியில் நின்றிருந்த மாட்டையோ அது போட்டு வைத்திருந்த எருவையோ அவர் பார்க்கவில்லை. அதன் இடுப்பை மட்டும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

அது முதல் காய்ப்பு. முதல் காய்ப்பு குலசாமிக்குப் போகவேண்டும், அதற்குமுன் வீட்டில் யாரும் பழத்தில் வாய் வைக்கக்கூடாது. கோயில் பூசைக்கு இன்னும் நாளிருந்தது. பழத்துக்கு அது தெரியுமா? வைகாசி வெயிலில் அது பாட்டுக்குக் கன்னம் சிவந்து தொங்கியது. மாமனார் தினமும் வந்து கீழே நின்று பார்த்துவிட்டுப் போவார். விழுந்த பழத்தைக்கூட மண் துடைத்துக் கூடையில் எடுத்து வைத்தார், சாமிக்கு என்று.

அந்தச் சமயத்தில்தான் என் மாமியாருக்குத் திடீரென்று எருவாட்டி தட்டுவதில் ஆசை வந்தது. வீட்டுக் கட்டுத்தரையில் மலையாகச் சாணி கிடக்க, தோப்புச் சாணிதான் நன்றாக எரியும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு தினமும் போவார். சாவை வைத்திருக்கிற மாடு என்று ஒரு வருசமாக அந்தத் திசைக்கே வராதவர்! திரும்பி வந்தால் சாணி நாற்றத்தையும் மீறி அவர் கையில் வேறொரு வாசம் அடிக்கும். நான் கண்டுகொள்ளவில்லை. தின்கிற பொம்பளை திடமாக இருப்பாள், திடமாக இருந்தால் என் மாடு என்னிடம் இருக்கும் என்று நினைத்தேன். அளவு என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன்.

ஒருநாள் மாமியாருக்கு வயிறு போக ஆரம்பித்தது. சொம்பைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். பொழுதோடக் கட்டிலில் சாய்ந்துவிட்டார்.

மாமனார் ஒரு வார்த்தையும் அதிகம் பேசவில்லை. “சுழி வேலையைக் காட்டிருச்சு. நாளைக்குத் தரகரை வரச் சொல்லு” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

மாடு அப்போது நிறைசினை. அதைத் தரகன் ஓட்டிக்கொண்டு போனால் வயிற்றுக் கன்றும் போய்விடும். எங்கய்யன் கொடுத்தது என்று காட்ட எனக்கு ஒரு மண்ணும் மிச்சமிருக்காது. மாமியார் மாம்பழம் தின்றுதான் வயிறு போகிறது என்று நான் சொல்லலாம். சாமிக்கு முன்னால் தின்றாள் என்று மாமியார்மேல் குற்றம் சொன்ன மருமகளுக்கு அப்புறம் அந்த வீட்டில் தட்டு வைப்பார்களா? கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அத்தை, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க.”

“என்னத்தைச் சொல்ல?”

“என்ன சாப்புட்டீங்கன்னு.”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “கஞ்சி” என்றார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் தரகர் வந்துவிட்டார். மஞ்சள் துண்டும் வெற்றிலை வாயுமாக, மாட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துப் பேசுகிற ஆள். நாங்கள் தோப்புக்குப் போனோம். மாமியார் எழுந்து பின்னாலேயே வந்தார். “நீ எதுக்கு வாரே? படு போ” என்றார் மாமனார். “சாவறவ ஒரு தரம் பாத்துக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். நடை என்னவோ சாகிறவள் நடை மாதிரி இல்லை. எங்களுக்கு முன்னால் போய்விடப் பார்த்தார்.

தரகர் கிட்டப் போனதும் மாடு கொம்பைத் தாழ்த்தியது. “மலைச் சாதிங்களா, கொஞ்சம் தீனியைக் காட்டிப் பழக்கோணும்” என்று சொல்லி, மழைக்காலத்துக்கென்று மாட்டுக்கு எட்டாமல் மரத்தடியில் போட்டிருந்த வைக்கோல் போரிலிருந்து ஒரு கை உருவினார்.

“அந்த வைக்கோலு வேண்டாமுங்க!” என்று மாமியார் கத்தினார்.

எல்லாரும் திரும்பினோம். “ஏன்?” என்றார் மாமனார்.

“அது… பழசு.”

“பழசுன்னா என்ன? கல்யாணத்துக்கா போடறோம்?” என்று தரகர் போரின் அடியில் கைவிட்டு நல்லதாக ஒரு அணைப்பு இழுத்து மாட்டுக்கு முன்னால் போட்டார். மாடு மூக்கை வைத்தது, பரபரவென்று எதையோ தேடியது, வாயில் கவ்வியது, தலையைத் தூக்கி விழுங்கியது.

விழுங்கியது இறங்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. இருமியது. வாயிலிருந்து நுரையும் எச்சிலும் கயிறு கயிறாகத் தொங்கியது. கண் பிதுங்கியது. இடதுபக்க வயிறு கண்முன்னாலேயே மேளம் மாதிரி ஏற ஆரம்பித்தது.

தரகர் இரண்டு எட்டு பின்வாங்கினார். “சீக்கு மாட்டை என்ற தலையில கட்டப் பாத்தீங்களே, கவுண்டரே! இனி இது தேறாதுங்க. தோலுக்கு வேணும்னா ஆளை அனுப்பறேன்.”

“எல்லாம் சுழி” என்றார் மாமனார். கையைக் கட்டிக்கொண்டு, தன் வித்தை பலித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுழியுமில்லை மயிருமில்லை!” என்று ஒரு சத்தம். என் மாமியார்தான். “தொண்டையில மாம்பழமுங்க! டேய், கொம்பைப் புடிடா! புள்ள, நீ மூக்கணாங்கயித்தைப் புடி!”

என் வீட்டுக்காரர் ஆயுசில் முதல் தடவையாகச் சொன்ன உடனே ஒரு வேலையைச் செய்தார். இரண்டு கொம்பையும் பிடித்துத் தொங்கினார். நான் ஒரு கையில் கயிற்றை இழுத்துப் பிடித்து, மறுகையால் கழுத்தைத் தடவினேன். பாதிக் கழுத்தில் உருண்டையாகத் தட்டுப்பட்டது. கீழிருந்து மேலே தள்ளு, தள்ளு என்றார் மாமியார். வளையலைக் கழற்றி மாமனார் கையில் திணித்தார். அவர் விளங்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கையால் மாட்டின் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, மறுகையை முழங்கைவரைக்கும் உள்ளே விட்டார். அவர் கை ஒல்லி. என் கை அந்த வாய்க்குள் போயிருக்காது. மாடு உதறியது, என் கால்மேல் ஏறி மிதித்தது. நான் விடவில்லை. இந்தப் பக்கம் நான் தள்ள, அந்தப் பக்கம் அவர் விரலை மடக்கி இழுக்க, சளப் என்று வந்தது.

முழுசாக ஒரு செந்தூராப் பழம். தோல் கூடக் கிழியவில்லை.

மாட்டின் வயிற்றிலிருந்து அடைபட்டிருந்த காற்றெல்லாம் ஏப்பமாக வெளியே வந்தது. தரகர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மாடு இரண்டு தரம் தும்மி, தன் உயிரைக் காப்பாற்றிய என் மாமியாரை முட்டப் பார்த்தது.

மாமனார் பழத்தைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார். குனிந்து போரைக் கலைத்தார். அடியில் கூடு மாதிரி செய்து, அதற்குள் பழுத்ததும் பழுக்கப் போவதுமாக ஒரு குடும்பமே படுத்திருந்தது.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

“நான்தான் வெச்சேன்.” முழங்கையிலிருந்து எச்சில் சொட்டச் சொட்ட மாமியார் நின்றார். “இந்த மாடு இருக்கற எடத்துக்கு ஆரு வருவா, அதுதான் தோதான எடம்னு வெச்சேன். தின்னது நான்தான். வயிறு போனதும் அதனாலதான்.”

“சாமிக்கு முன்னாலயா?”

“சாமிக்குப் பல்லா இருக்குது? நாக்கா இருக்குது? அவருக்கு என்ன அவசரமுங்க? மெதுவாத் தின்னுக்குவாரு. இந்தத் தோப்புக்கு வாக்கப்பட்டு வந்து என்ற தலை நரைச்சுப்போச்சு. எவனோ வண்டியில ஏத்தறதைப் பாத்துப் பாத்தே காலம் போச்சு. ஒரு பழம் திங்கறதுக்கு நான் எந்தச் சுழியைப் பாக்கோணும், சொல்லுங்க!”

மாமனார் கையில் இருந்த வளையலைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? மாட்டுக்குப் பின்னால் போய், எட்ட நின்று, இடுப்பை மறுபடியும் உற்றுப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெயில் படாமல் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

“ஒரு வெரக்கடை தள்ளி இருக்குது” என்றார். “தள்ளி இருந்தா அது வேற சுழி.”

“அது என்ன சுழிங்க?” என்றார் தரகர். சிரிப்பை அடக்க வெற்றிலையை மென்றார்.

“உனக்கெதுக்கு அது? மாடு விக்கறதுக்கில்லை. நீ போயிட்டு வா.”

“தோலுக்குமில்லைங்களா?”

“போடா!”

தரகர் வெறுங்கையோடு போகவில்லை. வைக்கோலிலிருந்து மடியில் இரண்டு பழம் கட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பூசைக்கு அந்த வருசம் சாமி முன்னால் வைத்த கூடையில் அடிப்பக்கம் மாவிலைதான் கனமாக இருந்தது. சாமி ஒன்றும் கேட்கவில்லை.

மாமியார் அந்தக் கையைக் கழுவாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஊருக்குள் நடந்தார். கிணற்றடியில் கேட்டவர்களுக்கெல்லாம், மாட்டுக்கு வைத்தியம் பார்த்தேன் என்றார். பழம் எப்படித் தொண்டைக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் எந்த மாட்டுக்குத் தொண்டையில் கிழங்கோ கொட்டையோ சிக்கினாலும் அவரைத்தான் கூப்பிட வந்தார்கள். மாமனாரைக் கூப்பிட வருகிறவர்களைவிட அந்தக் கூட்டம் அதிகமானதில் வீட்டில் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அன்றைக்குப் பொழுது சாய மாட்டை வீட்டுக்கு ஓட்டிவந்தேன். கட்டுத்தரையில் மாமனாருடைய காளைகள் இரண்டும் சுழி சுத்தமாக நின்றுகொண்டிருந்தன. நடுவில் இடம் இருந்தது. யாரையும் கேட்காமல் முளைக்குச்சியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

“இன்னும் ஆழமா அடிக்கச் சொல்லுடா” என்றார். “மலை மாடு, புடுங்கிக்கும்.”

காளைகள் இரண்டும் ஒதுங்கி நிற்க, கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.